நாய் இருக்கும் மந்திரக்கதைகள்: ஒரு புத்தகக் கடையின் இரவல் தட்டு

யாழ்ப்பாண நகரில், பாடசாலைக் கொப்பிகளும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும் கூரையைத் தொடுமளவுக்குக் குவிந்திருக்கும் ஒரு புத்தகக் கடையின் உட்புறத்தில், விற்பனைக்கல்லாமல் இரவலுக்கென்றே ஒதுக்கிய மரத்தட்டு ஒன்று இருக்கிறது. 3,000 ரூபா முற்பணம் கட்டிவிட்டால் ஒரு தடவைக்கு இரண்டு சிறுவர் நூல்களை எடுத்துச் செல்லலாம். நூலொன்றுக்கு வாரத்துக்கு 50 ரூபா. தவணை கடந்தால் நாளொன்றுக்கு 10 ரூபா. கணினிப் பதிவு எதுவும் கிடையாது. நீளமான கணக்குப் புத்தகத்தில் கடைக்காரரே பெயரையும் திகதியையும் எழுதி, நம்மிடம் ஒப்பம் வாங்கிக்கொள்கிறார். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வந்த விடுமுறையிலும் அதன் பின்னரும், ஐந்து வாரங்கள் நானும் என் மகளின் மகளும் இந்தத் தட்டின் வாடிக்கையாளராக இருந்தோம். நல்லதும் கெட்டதும் கலந்த அனுபவம் அது. பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் தேடி அலையும் பெற்றோருக்கு உதவக்கூடும் என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

தெரிவு முழுவதும் பிள்ளையினுடையது. அவள் இப்போது தரம் 6 இல் படிக்கிறாள். புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை பாடப்புத்தகத்தையும் ரியூசன் கொப்பிகளையும் தவிர வேறெதையும் தொட விடாமல் வைத்திருந்தோம் என்பதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன். கடை வாசலில் நின்றுகொண்டு அவள் மூன்று நிபந்தனை போட்டாள். "மந்திரம் இருக்கோணும். நாய் இருக்கோணும். நாய் கடைசிப் பக்கம் வரைக்கும் இருக்கோணும்." கடைக்காரர் சிரிக்கவுமில்லை, யோசிக்கவுமில்லை, தட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து ஆறு நூல்களை உருவி மேசையில் வைத்தார். அவற்றை அவர் வாசித்திருக்கிறார் என்பது அந்தக் கை போன வேகத்திலேயே தெரிந்தது. எங்கள் நகரத்தில் சிறுவர் நூல் விற்கும் ஒருவரிடம் நான் அண்மையில் கண்ட மிகப் பெரிய சிறப்பு இதுவே. தட்டில் ஒழுங்கு என்று எதுவும் இல்லை. நூல்கள் உயரத்தின்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. பட்டியல் கேட்டால், "என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ" என்பதே பதில். அவர் கடையில் இல்லாத நாளில் அந்தத் தட்டு ஊமையாகிவிடுகிறது.

நூல்களின் தலைப்பையும் பதிப்பகங்களையும் இங்கே குறிப்பிடவில்லை. பலர் கை பட்ட ஒற்றைப் பிரதிகளைக் கொண்டு ஒரு பதிப்பகத்தை எடைபோடுவது நியாயமாகாது. அத்துடன் நான் சொல்லவிருக்கும் குறைகள் ஒரு நூலுக்கு மட்டும் உரியவையும் அல்ல.

ஆறில் மூன்று, ஆங்கிலத் தொடர் ஒன்றின் மொழிபெயர்ப்பு, சென்னையில் அச்சானவை. காட்டோரத்தில் பாட்டியோடு வாழும் அநாதைச் சிறுவன், அவனை விட்டுப் பிரியாத ஒரு நாய், ஊர்ப் பிள்ளைகளின் நிழலைத் திருடிச் சாடிகளில் அடைத்துவைக்கும் ஒரு கிழவி. கதை விறுவிறுப்பானது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அந்தக் கிழவியைப் பக்கத்துக்குப் பக்கம் "சூனியக்காரி" என்றே எழுதியிருக்கிறார். தமிழில் வரும் இவ்வகை நூல்கள் அனைத்திலும் இதுவே வழக்கமாகிவிட்டபடியால் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்களில் சூனியம் என்பது கதையில் வரும் ஒரு பொருளல்ல. அது ஒருவர் இன்னொருவருக்குச் செய்துவிட்டதாகச் சொல்லப்படுவது. வாசற்படியில் புதைத்த தகடு, வேலியோரத்தில் கிடந்த எலுமிச்சம்பழம், கிணற்றடியில் கண்டெடுத்த மயிர்முடிச்சு, அதற்கு மாற்றாகக் கழிப்புக் கழித்தல், நூல் கட்டுதல், வேப்பிலை அடித்தல் என்று அது இன்றும் வீட்டுக் கணக்கில் செலவாக எழுதப்படும் ஒன்று. அச்சொல்லை ஒரு பெண்ணின்மேல் ஏற்றினால், அவள் பெரும்பாலும் தனித்து வாழும் வயதான கைம்பெண்ணாகவே இருப்பாள். முதல் நூலின் பாதியில் பிள்ளை என்னிடம் மெல்லிய குரலில் கேட்டாள்: "அம்மப்பா, எங்கடை ஒழுங்கை முடக்கிலை இருக்கிற ஆச்சியும் சூனியக்காரியோ?" அந்த ஆச்சி முற்றத்தில் ஆடாதோடையும் நொச்சியும் வளர்க்கிறார், ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது, வேறு குற்றம் எதுவும் அவரிடம் இல்லை. நூலிலிருந்த கிழவியும் மூலிகை வளர்ப்பவள், ஒற்றைக் கண்ணி. பிள்ளையின் கணக்கு, அவளுக்குக் கிடைத்த சொற்களை வைத்துப் பார்த்தால், சரியானதே.

ஐரோப்பாவிலும் அந்தச் சொல் ஒரு காலத்தில் உயிர் குடித்தது. பிரித்தானியாவில் 1735 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே ஒருவரை மாந்திரீகம் செய்தவர் என்று வழக்காடித் தண்டிக்கும் முறை ஒழிந்தது. அதற்கு முன்னர் நாய்களும் தப்பவில்லை. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அரசன் பக்கம் நின்று போரிட்ட இளவரசன் ரூபேர்ட் ஒரு வெள்ளைப் பூடில் நாயைப் போர்க்களத்துக்கும் கூட்டிச் சென்றான். அந்த நாய் மாறுவேடம் பூண்ட ஏவற்பேய் என்றும், குண்டு அதைத் துளைக்காது என்றும் சிறு பிரசுரங்கள் அச்சாகி விற்றன. 1644 ஆம் ஆண்டு யூலை 2 ஆம் திகதி மார்ஸ்டன் மூர் போரில், வேறெந்த நாயும் சாவதைப் போல அதுவும் செத்தது. இத்தனை காலம் கடந்தபின் ஆங்கிலப் பிள்ளைக்கு அந்தச் சொல் கூர்த் தொப்பியையும் துடைப்பத்தையும் மட்டுமே நினைவூட்டுகிறது. அங்கே ஆறிப்போன சொல்லை மொழிபெயர்ப்பாளர் இங்கே இன்னும் சுடுகிற சொல்லால் மாற்றியிருக்கிறார். மாயக்கிழவி என்றோ, மந்திரக்கிழவி என்றோ எழுதியிருந்தால் போதும். கதைக்கு ஒரு குறையும் வந்திராது. இரண்டாம் நூலிலிருந்து நான் உரக்க வாசிக்கும்போது அப்படியே மாற்றி வாசித்தேன். பிள்ளை பக்கத்தை எட்டிப் பார்த்துப் பிடித்துவிட்டாள்; பிடித்தபின்னும் ஏற்றுக்கொண்டாள்.

மொழிநடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் பிழைதிருத்தியவன் என்பதால், சந்திப்பிழைகளை எண்ணத் தொடங்கி, முதல் நூலின் நாற்பதாம் பக்கத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஆங்கில வாக்கியத்தின் எலும்பு தெரியும் இடங்களும் பல. சென்னைத் தமிழில் எழுதியிருப்பதைக் குறையென்று சொல்லமாட்டேன். எங்கள் பிள்ளை "ஜன்னல்" என்றிருப்பதை "யன்னல்" என்று வாசித்துக்கொண்டு போகிறாள்.

நாயைப் பற்றித்தான் பேச வேண்டும். முதல் நூலில் வரும் நாய் பேசாது. மந்திரமும் தெரியாது. பாட்டியின் உருவத்தில் கிழவி வீட்டுக்குள் வந்து அடுப்படியில் நிற்கும்போது, சிறுவன் ஏமாந்துவிடுகிறான். நாய் மட்டும் மணம் பிடித்து, உறுமாமல், கோப்பையிலிருந்த சோற்றை விட்டு எழுந்து வெளியே போய்விடுகிறது. அந்த இடத்தை வாசித்தபோது பிள்ளை எங்கள் வீட்டு மணியைத் திரும்பிப் பார்த்தாள். அது வழக்கம்போல அறை வாசலில் குறுக்கே படுத்திருந்தது. நல்ல நாய்க்கதையின் இலக்கணம் இதுவே என்று நினைக்கிறேன்: நாய் நாயாகவே இருக்க வேண்டும், மனிதருக்குத் தெரியாததை மூக்கால் அறிய வேண்டும், அறிந்ததைச் சொல்ல முடியாமல் தவிக்க வேண்டும். கதையின் பதற்றம் முழுவதும் அந்தத் தவிப்பில்தான் இருக்கிறது. மூன்றாம் நூலில் இதே நாய் திடீரென்று வாய் திறந்து, தான் சபிக்கப்பட்ட இளவரசன் என்று சொல்கிறது. பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டாள். "அப்ப இவ்வளவு நாளும் அது நாயே இல்லையா?" என்று கேட்ட குரலில் ஏமாற்றப்பட்டவரின் கோபம் இருந்தது.

நான் ஆசிரியர் பக்கம் நின்று வாதாடிப் பார்த்தேன். மகாபாரதத்தின் முடிவில் தருமரைப் பின்தொடர்ந்து வந்த நாயும் தருமதேவதையாகத்தானே மாறுகிறது என்றேன். "அவருக்கு அது தெரியாதே, அவர் நாயெண்டு நினைச்சுத்தானே உள்ளை வரமாட்டன் எண்டவர்" என்றாள். அதற்கு மேல் வாதாட இடமில்லை. நாயை விட்டுவிட்டு வந்தால் விண்ணுலகம் உண்டு என்று சொல்லப்பட்ட நேரத்தில், அது வெறும் தெருநாய். தருமர் மறுத்த பிறகுதான் வேடம் கலைகிறது. இந்த மூன்றாம் நூலின் ஆசிரியருக்கோ நாய் ஒரு மேலங்கி மட்டுமே. தேவை முடிந்ததும் கழற்றி எறிந்துவிடுகிறார்.

இரண்டாம் நூலில் பாட்டி சொல்லும் ஒரு கிளைக்கதை வருகிறது. வேட்டைக்குப் போய்த் திரும்பிய பிரபு, கவிழ்ந்து கிடக்கும் தொட்டிலையும் வாயில் இரத்தத்தோடு வாலாட்டும் நாயையும் கண்டு, பிள்ளையைக் கடித்துக் கொன்றுவிட்டதென்று நினைத்து நாயை வெட்டுகிறான். பிறகுதான் தொட்டிலின் அடியில் பிள்ளை உயிரோடு கிடப்பதையும், பக்கத்தில் ஓநாய் செத்துக் கிடப்பதையும் காண்கிறான். இது வேல்ஸ் நாட்டு நாட்டார் கதை. இளவரசன் லிவெலினின் நாய் கெலேர்ட்டினுடையது என்று ஒரு சமாதியே அங்கு காட்டப்படுகிறது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் விடுதிக்காரர் ஒருவர் பயணிகளை இழுப்பதற்காக அதை அமைத்தார் என்பது இப்போது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. பிரான்சில் இதே கதையின் நாய்க்குக் கினேஃபோர் என்று பெயர். ஓநாயின் இடத்தில் பாம்பு. 13 ஆம் நூற்றாண்டில் அந்த நாயைக் கிராமத்துத் தாய்மார் புனிதராகவே கொண்டாடி, நோயுற்ற குழந்தைகளை அதன் புதைகுழிக்குத் தூக்கிச் சென்றனர். அங்கே செய்ய வேண்டிய சடங்கைச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு கிழவி இருந்தாள் என்று, அந்த வழிபாட்டை ஒழிக்கப் போன துறவி எழுதிவைத்திருக்கிறார். நாயும் கிழவியும் பிள்ளையும் ஒரே இடத்தில் சேர்ந்த உண்மைச் சம்பவம் அது. ஆறு நூல்களில் ஒன்றும் அதைத் தொடவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை புதிதல்ல என்பதை மொழிபெயர்ப்பாளர் ஓர் அடிக்குறிப்பிலாவது சொல்லியிருக்கலாம். பஞ்சதந்திரத்தில் நாயின் இடத்தில் கீரி நிற்கிறது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பார்ப்பனியைக் கணவன் கைவிட்டுப் போக, அவளுடைய பாவம் தீரத் தானம் செய்து இருவரையும் சேர்த்துவைத்தவன் கோவலன் என்று மாடலன் சொல்கிறான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கீரி இன்னும் நெருக்கம். கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் நீராடி மனித முகம் பெற்ற இடம் கீரிமலை. அதே நீரில் குதிரைமுகம் நீங்கிய இளவரசியின் கதையிலிருந்து மாவிட்டபுரத்துக்குப் பெயர் வந்தது என்பர். பிள்ளை கீரிமலைக் கேணியைப் பலமுறை பார்த்தவள். கதையை மட்டும் நான் சொல்லியிருக்கவில்லை.

இந்தக் கிளைக்கதையை வளர்ந்தவர்கள் வேறு விதமாகவே வாசிப்பார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் புறப்பட்டபோது, நாய்களைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய நிலை எவருக்கும் இருக்கவில்லை. எங்கள் நாய் செம்மணிப் பக்கம்வரை வந்தது. பிறகு சனநெரிசலில் காணவில்லை. மறு ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது, படலையடியில் மண்ணைச் சுரண்டி நாய் படுத்திருந்த பள்ளம் ஒன்று, ஓரம் தேய்ந்து, ஆழமாக இருந்தது. நாய் இல்லை. பிள்ளை போட்ட மூன்றாவது நிபந்தனையை எங்கள் வீட்டில் எவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான்காவது நூல் உருசிய நாட்டார் கதைகளின் மீள்சொல்லல். ஆறில் சிறந்தது இதுவே. ஒரு காலத்தில் மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய சிறுவர் நூல்கள் எங்கள் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. வழுவழுப்பான தாளும் முழுப்பக்க வண்ணப் படங்களும் கொண்ட அவற்றின் சாயல் இந்த நூலின் ஓவியங்களில் தெரிகிறது. கோழிக்காலில் நிற்கும் குடிசையில் வாழும் பாபா யாகா என்ற கிழவி இதில் வருகிறாள். உரலில் ஏறிப் பறப்பாள்; உலக்கையால் உந்துவாள். உரலும் உலக்கையும் எங்கள் வீட்டுப் பொருள்கள் என்பதால், துடைப்பத்தில் பறக்கும் மேனாட்டுக் கிழவிகளைவிட இவளைப் பிள்ளை உடனே நம்பினாள். சிற்றன்னையால் பாபா யாகாவிடம் அனுப்பப்பட்ட சிறுமி தப்பி ஓடும்போது, வாசலில் நிற்கும் நாய்கள் அவளைக் கிழித்துப் போட வேண்டும். சிறுமி அவற்றுக்கு ரொட்டி போடுகிறாள். அவை விலகி வழிவிடுகின்றன. கிழவி வந்து திட்டும்போது நாய்கள் சொல்லும் பதில்தான் அற்புதம்: இத்தனை காலம் உனக்கு உழைத்தோம், கருகிய ஒரு துண்டுகூட நீ எங்களுக்குப் போட்டதில்லை; இவள் நல்ல ரொட்டி தந்தாள். இங்கேயும் நாய்கள் பேசுகின்றன. ஆயினும் நாய் சொல்லக்கூடியதை மட்டுமே சொல்கின்றன. நன்றி என்பது கேட்டு வாங்கும் வரியல்ல, சோறு போட்ட கைக்குத் திரும்பி வருவது என்பதை ஒரு அறிவுரையும் இல்லாமல் கதை காட்டிவிடுகிறது. இந்த நூலைப் பிள்ளை மூன்று தடவை வாசித்தாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு மணிக்குத் தன் பாணிலிருந்து பாதியைக் கொடுக்கத் தொடங்கினாள்.

ஐந்தாவது, தமிழ்நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. பாதியிலேயே வனவிலங்குப் பாதுகாப்புப் பாடமாக மாறிவிடுகிறது. நாய் அட்டைப்படத்தில் மட்டும் நன்றாக இருக்கிறது.

ஆறாவது நூல் இலங்கையில் அச்சானது. இத்தீவின் பழங்கதைகளைச் சிறுவர்களுக்குச் சொல்வது. இதை எடுத்தபோது எனக்கு எதிர்பார்ப்பு மிகுதியாக இருந்தது, ஏனெனில் மாயக்காரியும் நாயும் சேர்ந்து வரும் கதைகளில் மிகப் பழையதொன்று இந்த மண்ணிலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. மகாவம்சத்தின் ஏழாம் அதிகாரத்தில், விசயனும் தோழர்களும் கரையேறியதும் அவர்கள் கண்ணில் முதலில் பட்ட உயிர்களில் ஒன்று ஒரு பெண்நாய். அது குவேனி என்ற மாயக்காரியின் ஏவலாளான இயக்கி எடுத்த உருவம். ஊர் இருந்தால்தான் நாய் இருக்கும் என்று எண்ணி, விசயன் தடுத்தும் கேளாமல், ஒருவன் அதன் பின்னே போகிறான். மரத்தடியில் ஒரு பெண் துறவியைப் போல நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள் குவேனி. குளத்தில் இறங்கியவனை அவள் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் கையில் கட்டிய காப்பு நூல் இருப்பதால் தின்ன முடியவில்லை. தேடி வந்தவர்கள் ஒவ்வொருவராக அகப்படுகின்றனர். கடைசியில் வந்த விசயன் குளக்கரையில் பார்க்கிறான்: உள்ளே இறங்கிய காலடிகள் இருக்கின்றன, வெளியே ஏறிய காலடி ஒன்றுகூட இல்லை.

இதைவிடச் சிறந்த மந்திரக்கதைத் தொடக்கம் எந்த மொழியில் இருக்கிறது? மகாவம்சத்தின் அரசியலை ஒருபுறம் வைத்துவிடுவோம். கதை கதையாகவே நிற்கிறது. கழுத்திலும் கையிலும் நூல் கட்டி வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் காப்பு நூலைப் பற்றி விளக்கம் சொல்லவும் தேவையில்லை. இந்தச் சிறுவர் நூலோ அதை ஒன்றரைப் பக்கத்தில் முடித்து, நாயை ஒரு வரியில் கடந்து, காலடிகளை முற்றாக விட்டுவிட்டு, "அந்நியரை நம்பாதீர்" என்ற நீதியைத் தடித்த எழுத்தில் பெட்டிகட்டிப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு கதைக்கும் கீழே பயிற்சி வினாக்கள் ஐந்து. பிள்ளை வினாக்களைக் கண்டதும் பேனையைத் தேடினாள், பழக்கம் அப்படி. காலடிகளை நான் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கத்துக் கதைகள் ஏன் இப்படி நூலேறாமல் நிற்கின்றன என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் உண்டு. யாழ்ப்பாணத்தில் தமிழ் அச்சு, பாதிரிமார் கையிலும் நாவலர் கையிலும் வளர்ந்தது. 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவிய ஆறுமுக நாவலர் பிள்ளைகளுக்கென்று பாலபாடம் எழுதினார். அவரே சிறுதெய்வ வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் கடுமையாகக் கண்டித்தவர். பாதிரிமாருக்கும் பேய்க்கதை ஆகாது. ஆகவே முனியும் கொத்தியும் மோகினியும் பாட்டிமாரின் வாயோடு நின்றுவிட்டன. புத்தகத்துக்குள் நல்லொழுக்கம் மட்டும் போயிற்று. நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்ற கதையைக் கேட்டு வளராதவர் இங்கே எவர்? அந்தப் பழத்தின் பின்னால் நிலத்தடியில் நீந்திப் போகும் ஒரு நாயை வைத்து ஒரு நூல் எழுதினால் முதற்பிரதியை நான் வாங்குவேன். நாய் வாகனத்தோடு நிற்கும் வைரவருக்குக் கிணற்றடி தோறும் சூலம் நாட்டி வடைமாலை போடும் ஊரில், நாய்க்கதைக்குப் பஞ்சம் வந்திருப்பது வேடிக்கைதான்.

இனி, குறை. இரண்டாம் நூலில், சாடிகளில் அடைபட்ட நிழல்களை மீட்பதற்காக நாய் தனியாகக் கிழவியின் குடிசைக்குள் நுழையப் போகிறது. 96 ஆம் பக்கம் அந்த இடத்தில் முடிகிறது. திருப்பினால் மீண்டும் 81 ஆம் பக்கம். கட்டுநர் ஒரே பதினாறு பக்கக் கட்டை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டார். 97 முதல் 112 வரை இல்லை. 113 இல் குடிசை எரிந்து முடிந்துவிட்டது. சிறுவனும் நாயும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாயின் ஒரு காது கருகியிருக்கிறது. அச்சகத்தில் இது நடப்பதுண்டு. கட்டு முடிந்தபின் பக்கம் சரிபார்ப்பவர் ஒரு பிரதியைத் தவறவிட்டால் போதும். ஆனால் இரவலுக்கு வைக்கும் கடை, தான் வாடகை வாங்கும் நூலை ஒரு தடவையாவது புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதுவும் மற்றெல்லா நூல்களையும் வாசித்திருக்கும் ஒருவர். தொலைபேசியில் கேட்டேன். வேறு பிரதி இல்லையென்றும், இதுவரை எடுத்தவர்கள் எவரும் சொல்லவில்லையென்றும் பதில் வந்தது. அந்த இரண்டாவது தகவல் என்னை அதிகம் வருத்தியது.

பிள்ளை அன்று சாப்பாட்டுக்கு வரவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தபோது, வாசலில் படுத்திருந்த மணியின் முதுகில் காலை வைத்துக்கொண்டு, சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் அச்சுப் பக்கத்தின் அளவுக்கே கிழித்த பதினாறு தாள்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் 97, 98 என்று இலக்கம். குடிசைக்கு முன்னால் உள்ளே போன காலடிகள் மட்டும் இருக்கின்றன. நாய் அதை மணந்து பார்த்துவிட்டு, தானும் உள்ளே போகாமல், வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்கிறது. கிழவிக்கு வெளியே வர வேண்டும். அடுப்பு பற்றிப் பரவுகிறது. திட்டுகிறாள், இறைச்சி எறிகிறாள், நாய் அசையவில்லை. சாடிகளைத் திறந்துவிட்டால் எழும்புவேன் என்பதுபோலப் பார்க்கிறது. ஏன் அவள் தாண்டிக்கொண்டு போகக்கூடாது என்று கேட்டேன். "மணி படுத்தால் அம்மாவாலையே தாண்டேலாது" என்றாள். 113 ஆம் பக்கத்துக் கருகிய காதுக்கும் அவள் கணக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. எழுத்துப்பிழை எட்டு, திருத்திக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமென்றுவிட்டாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: உருசியக் கதைத் தொகுதியை எட்டு வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளைக்கும் தயங்காமல் கொடுக்கலாம். ஆங்கிலத் தொடரில் முதல் இரண்டு போதும். பத்து வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூட இருந்து வாசிப்பது நல்லது, அந்த ஒரு சொல்லுக்காகவாவது. ஆறாவது நூலை வாங்குவதைவிட, அதிலுள்ள கதைகளை நீங்களே தெரிந்துகொண்டு இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். ஈழத்துப் பழைய சிறுவர் நூல்கள் பல நூலகம் இணையத்தளத்தில் பணம் கட்டாமலே வாசிக்கக் கிடைக்கின்றன. இரவல் தட்டைப் பொறுத்தவரை, புதிதாக ஒரு நூல் 1,500 ரூபாவைத் தாண்டும் நாளில் வாரத்துக்கு 50 ரூபா என்பது நியாயமான கட்டணம். எடுக்கும்போது கடையிலேயே நின்று பக்க இலக்கங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தருவதில்லை.

நூல்களைத் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் தாமதமாகப் போனோம். பிள்ளை எழுதிய தாள்களை 96 ஆம் பக்கத்துக்கும் இரண்டாவது 81 ஆம் பக்கத்துக்கும் இடையில் செருகியிருந்தாள். கடைக்காரர் அவற்றைக் கண்டு, நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். கொப்பி வாங்க வந்த இருவர் காத்திருந்து, குரல் கொடுத்து, ஒருவர் போயும்விட்டார். பதினாறாவது தாளை முடித்தபின் மேசை லாச்சியிலிருந்து பசையை எடுத்து, தாள்களை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒட்டினார். பிறகு கணக்குப் புத்தகத்தை விரித்து, இரண்டு நூலுக்கு இரண்டு நாள் என்று சொல்லி, 40 ரூபா மேலதிகத்தை வாங்கிக்கொண்டார்.